காவிரிப் படுகையில் ஒரு களநடை: சமதரையைப் படிக்கக் கற்பித்தல்

களப்பயணம் என்றதும் சேலம், நாமக்கல் மாவட்டப் பள்ளிகளில் முதலில் எழும் பெயர்கள் ஏற்காடும் கொல்லிமலையும்தான். மலையில் பார்க்க நிறைய இருக்கிறது, சமதரையில் என்ன இருக்கிறது என்று மாணவர்கள் மட்டுமல்ல, நாமும் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் நம் மாணவர்களில் பெரும்பாலோர் வாழ்வது சமதரையில். காவிரியில் வெள்ளம் வரும்போது ஒரு தெரு நனைவதையும் அடுத்த தெரு தப்புவதையும் தீர்மானிப்பது, கண்ணுக்கு எளிதில் படாத ஓரடி, இரண்டடி உயர வேறுபாடு. அந்த வேறுபாட்டைக் காணக் கற்றுத் தருவதே இந்தப் பாடத்தின் நோக்கம்.

பரமத்தி வேலூர் வட்டத்தில் 9ஆம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். ஆற்றின் செயல்கள் பாடத்தில் வெள்ளச் சமவெளிக்கு விளக்கம் கேட்டால் எல்லாரும் சரியாக எழுதுவார்கள். "அது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் கங்கைச் சமவெளி என்பார்கள், தஞ்சாவூர் என்பார்கள். பள்ளியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருப்பதை யாரும் சொல்வதில்லை. நம் பகுதியின் வெள்ளச் சமவெளி டெல்டாவைப் போல அகலமானதல்ல. அதுவே நமக்கு வசதி. ஒரு காலைப்பொழுதில் குறுக்காக நடந்து முடித்துவிடலாம்.

வகுப்பறையில் முன் தயாரிப்பு

நடைக்கு முன் இரண்டு பாடவேளைகள் தேவை.

முதல் பாடவேளை கணக்கு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. 2018 ஆகஸ்டில் அணையிலிருந்து வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. செய்தியில் கேட்கும் இந்த எண் மாணவர்களுக்கு வெறும் எண்தான். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர். அப்படியானால் வினாடிக்கு 56 லட்சத்து 60 ஆயிரம் லிட்டர். 10,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டிகளாகக் கணக்கிட்டால், ஒவ்வொரு வினாடியும் 566 தொட்டிகள். ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள் என்று பெருக்கினால் 17.28 டி.எம்.சி.; அணையின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இதைத் தாங்களே போட்டுப் பார்த்த பிறகு, "இவ்வளவு தண்ணீர் எங்கே போகும்?" என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வரும்.

இரண்டாம் பாடவேளை ஊர்ப்பெயர்கள். திருமணிமுத்தாறு காவிரியில் கலக்கும் இடத்தருகே உள்ள ஊர் நஞ்சை இடையாறு. எதிர்க்கரையில் கரூர் மாவட்டத்தில் நஞ்சை புகளூரும் உண்டு, புஞ்சை புகளூரும் உண்டு. நஞ்சை என்றால் பாசன நிலம், புஞ்சை என்றால் மேட்டு நிலம். பெயரிலேயே நிலத்தின் உயரம் இருக்கிறது. படுகை, திட்டு, மேடு, பள்ளம், எக்கல் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லும் சொற்களைத் தொகுத்து வரச் சொல்லுங்கள். பாடநூலின் கலைச்சொற்களுக்கு நேராக அவற்றை எழுதினால் பாதிப் பாடம் முடிந்துவிடும்.

நடை: ஆற்றோடு அல்ல, ஆற்றை நோக்கி

கரையோரமாகவே நடந்தால் ஒரே காட்சிதான் தொடரும். மேட்டு நிலத்தில் தொடங்கி ஆற்றை நோக்கிக் குறுக்காக நடக்க வேண்டும். நான்கு இடங்களில் நிற்கிறோம்.

முதல் நிறுத்தம், மேடு. பனையும் வேம்பும் நிற்கும் புஞ்சை. கையில் மண்ணை எடுத்துச் சிறிது நீர் விட்டுப் பிசைந்து, திரி போல உருட்டச் சொல்கிறேன். மணல் உதிரும், களி கலந்த மண் திரியாக நிற்கும். இதே சோதனையை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்து குறித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாம் நிறுத்தம், வாய்க்கால். ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜவாய்க்காலும் அதன் கிளைகளும் எங்கள் பகுதிக்குப் பாசனம் தருகின்றன. "தண்ணீர் தானாகப் பாய வேண்டுமானால் வாய்க்கால் வயலுக்கு மேலே இருக்க வேண்டுமா, கீழேயா?" என்று கேட்டால் போதும். வாய்க்காலுக்கு ஒரு பக்கம் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும், மறுபக்கம் மானாவாரியும் ஏன் என்பது அவர்களுக்கே விளங்கிவிடும். நிலத்தின் மட்டத்தை அளந்து கோடு போட்டது போல அந்த வாய்க்கால் செல்கிறது.

மூன்றாம் நிறுத்தம், பள்ளம். ஆற்றை நெருங்க நெருங்க நிலம் தாழ்ந்துகொண்டே போகும் என்றுதான் மாணவர்கள் எதிர்பார்ப்பார்கள். கரைக்குச் சற்று முன்னால் கோரை வளரும் ஈரப் பள்ளம் வருகிறது; அதைத் தாண்டினால் கரை மீண்டும் உயர்கிறது. வெள்ளம் ஆற்றை விட்டு வழியும்போது வேகம் குறைகிறது. கனமான மணல் கரையிலேயே படிகிறது. நுண்ணிய வண்டல் உள்ளே வந்து படிகிறது. ஆறு தானே கட்டிய இந்தக் கரைமேட்டைத்தான் புவியியலில் உயரணை என்கிறோம். வெள்ளம் வடிந்தாலும் பள்ளத்தில் நீர் தங்கும்.

இங்கே மட்டம் பார்க்கிறோம். கொத்தனார்கள் பயன்படுத்தும் டியூப் லெவல் போதும்: 12 மீட்டர் நீளமுள்ள நிறமற்ற குழாய், நீர், அளவு குறித்த இரண்டு குச்சிகள். 10 மீட்டருக்கு ஒருமுறை இரு குச்சிகளிலும் நீர்மட்டத்தைக் குறித்து வேறுபாட்டை எழுத வேண்டும். முதல் அளவில் 12 செ.மீ. தாழ்வு, அடுத்ததில் 9 செ.மீ. தாழ்வு என்றால் மொத்தம் 21 செ.மீ. இப்படியே கூட்டிக்கொண்டு போனால் "சமதரை" என்று நினைத்த நிலம் வரைபடத்தில் ஏறி இறங்கும் கோடாகிறது.

நான்காம் நிறுத்தம், கரை மரங்கள். நீர்மருது, புங்கன், நாவல், அத்தி. இவை துண்டு துண்டாக எஞ்சியிருக்கும் ஆற்றங்கரைக் காட்டின் மரங்கள். புங்கன் காயையும் ஐந்து விளிம்புகள் கொண்ட மருதுக் காயையும் வாளி நீரில் போட்டு, எது எவ்வளவு நேரம் மிதக்கிறது என்று பார்க்கலாம். வெள்ளம் இந்த மரங்களுக்கு விதை சுமக்கும் வண்டி. கிளைகளில் சிக்கிக் காய்ந்திருக்கும் வைக்கோலும் குப்பையும் தண்ணீர் எந்த உயரம் வரை வந்தது என்பதற்குச் சாட்சி. வேர்கள் கரையைப் பிடித்துக்கொண்டிருப்பதையும், மரம் இல்லாத இடத்தில் கரை சரிந்து சீமைக் கருவேலம் மண்டியிருப்பதையும் அருகருகே காட்ட முடிகிறது.

அங்கே வந்த பெரியவர் ஒருவர் மாணவர்களிடம், "மருதுக்கு இந்தப்பக்கம் தண்ணி வரும் கண்ணு. அதனாலதான் எங்க அப்பாரு களத்தை அந்தப்பக்கம் போட்டாரு" என்றார். அதைக் கேட்ட ஒரு மாணவி, "அப்ப எங்க தெரு இதைவிடப் பள்ளமுங்க சார். தண்ணி வந்தா நாங்க பள்ளிக்கூடத்துல வந்துதான் படுத்துக்குவோம்" என்றாள். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாணவர்கள் தாங்களாகவே அவள் தெரு வரை மட்டம் பார்க்க முடியுமா என்று கேட்டார்கள்.

பாதுகாப்பு

காவிரி ஆண்டுதோறும் உயிர் வாங்கும் ஆறு. இதில் சலுகை கூடாது.

- டெல்டா பாசனத்துக்கு மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படுவது ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. நடைக்குப் பிப்ரவரி ஏற்றது. அப்போதும் குடிநீருக்காக நீர் வரும். அன்றைய நீர்வெளியேற்றத்தைக் காலையில் விசாரித்த பிறகே புறப்பட வேண்டும்.
- கரைமேட்டைத் தாண்டி ஒருவரும் இறங்கக் கூடாது. கால் நனைப்பதும் கூடாது. மணலில் உள்ள குழிகள் மேலிருந்து தெரியாது.
- தலைமை ஆசிரியர் அனுமதி, பெற்றோர் ஒப்புதல், வயல் உரிமையாளர் இசைவு மூன்றும் தேவை.
- பத்து மாணவர்களுக்கு ஒரு பெரியவர். ஊர் நிலத்தை அறிந்த பெற்றோர் ஒருவரையாவது அழைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறைக்குத் திரும்பிய பின்

குழுவாக ஒரு குறுக்குவெட்டுப் படம் வரைகிறார்கள். கிடைமட்டத்தில் தூரம், செங்குத்தில் உயரம். மேலே பயிரும் மரமும், கீழே மண்வகை. உயரத்துக்குப் பெரிய அளவுத்திட்டம் வைத்தால்தான் வேறுபாடு தெரியும். அதே படத்தில் தங்கள் தெருக்களையும் குறிக்கிறார்கள். 2018இல் தண்ணீர் எங்கே வந்தது என்று வீட்டில் கேட்டு எழுதுகிறார்கள். மேட்டூருக்கு முந்தைய 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் பற்றிக் குடும்பத்தில் வழங்கும் செய்தி இருந்தால் அதையும் சேர்க்கலாம். எங்கள் வகுப்பின் படத்தில் பழைய வீடுகள் பெரும்பாலும் மேட்டில் இருந்தன. பள்ளத்தில் இருந்தவை இடமில்லாமல் பின்னால் வந்தவர்களின் வீடுகள். மதிப்பெண் இல்லாத இந்த விவாதம்தான் மாணவர்களை அதிகம் பேச வைத்தது.

தொடக்க வகுப்புகளுக்கு விதை மிதக்கவிடுதலும் இலை சேகரித்தலும் போதும். 6 முதல் 8 வரை மண் சோதனையையும் மரப் பட்டியலையும் சேர்க்கலாம். குமாரபாளையம், பள்ளிபாளையம், மோகனூர் பகுதி ஆசிரியர்கள் இதே முறையைத் தங்கள் கரையிலும் பின்பற்றலாம். ஆறு தொலைவில் உள்ள சேலம் பள்ளிகளுக்குத் திருமணிமுத்தாறோ ஓர் ஏரியின் உள்வாயோ உதவும்.

முழுமையான ஆற்றங்கரைக் காட்டைக் காண விரும்பினால், மேட்டூருக்கு மேலே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் இருக்கிறது. வனத்துறை அனுமதியும் வழிகாட்டலும் வேண்டும். அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஆண்டுக்குப் பலமுறை வெள்ளம் பரவும் காங்கரீ சமதரைக் காட்டை 2003இல் தேசியப் பூங்காவாக்கி, மரப்பலகைப் பாதை அமைத்து மக்களை நடக்க வைக்கிறார்கள். மலையோ அருவியோ இல்லாத அந்தக் காட்டில் மக்கள் பார்க்க வருவது வெள்ளம் வளர்த்த மரங்களைத்தான்.

இப்போது வானொலியில் மேட்டூர் நீர்வெளியேற்றச் செய்தி வந்தால், எங்கள் மாணவர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தப் படத்தின் முன் போய் நிற்கிறார்கள். எந்தத் தெருவுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.