பழைய பெட்ரோல் வண்டியில் இன்ஜெக்டரின் மின்சாரக் கோளாறுகளை அறியும் விதம்

காய்கறியையும் பூவையும் விடியுமுன் சந்தைக்குக் கொண்டு சேர்க்கும் குடியானவர் பலர், 2000ஆம் ஆண்டுக்குப் பின் வெளிவந்த மாருதி ஆம்னி போன்ற பழைய பெட்ரோல் வண்டிகளை இன்றும் உபயோகித்து வருகின்றனர். கார்புரேட்டருக்குப் பதிலாக இன்ஜெக்டர்கள் பொருந்திய இவ்வண்டிகளில், ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் எஞ்சின் தடுமாறத் தொடங்கினால், இன்ஜெக்டரையே மாற்றவேண்டுமென்று சொல்லிவிடுவது பட்டறைகளில் வழக்கமாயிருக்கிறது. சிறு குடியானவருக்கு அச்செலவு அற்பமன்று. செலவிட்ட பின்னும் தடுமாற்றம் நீங்காத வண்டிகளை யாம் கண்டிருக்கிறோம். அவற்றில் குற்றம் இன்ஜெக்டரில் இல்லை; அதற்கு மின்சாரம் கொண்டு செல்லும் வழியில் இருந்தது.

இன்ஜெக்டர் என்பது உள்ளே செம்புக்கம்பிச் சுருளும் சிறு ஊசியும் அமைந்த ஒரு குழல். சுருளில் மின்சாரம் பாயும்போது அது காந்தமாகி ஊசியைத் தூக்க, பெட்ரோல் பீச்சப்படுகிறது. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் ஒவ்வொரு தடவையும் ஊசி திறந்திருப்பது ஒரு விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரமே. சுருளின் ஒரு முனைக்குப் பாட்டரியின் மின்சாரம் ரிலே வழியாக எப்போதும் வந்து நிற்கும். மற்ற முனையைக் கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும்போது மட்டும் எர்த்துடன் சேர்த்து விடுகிறது. வாய்க்காலில் நீர் நிறைந்து நிற்கக் கடைமடையை மட்டும் திறந்து மூடுவதற்கு இது ஒப்பாகும்.

முதலில் குற்றமுள்ள சிலிண்டர் இன்னதென்று அறிய வேண்டும். எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, இன்ஜெக்டர்களின் கப்ளர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுக. எதைக் கழற்றினால் ஓட்டத்தில் மாறுதல் தோன்றவில்லையோ, அந்தச் சிலிண்டரே வேலை செய்யாதது. பின்பு நீண்ட திருப்புளியின் நுனியை அந்த இன்ஜெக்டரின் மேல் வைத்துப் பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்க வேண்டும். இடைவிடாத 'டிக் டிக்' ஒலி கேட்டால் ஊசி அசைகிறது. அப்போது பிளக்கையும் தீப்பொறியையும் பெட்ரோல் அடைப்பையும் ஆராய்வதே முறை. ஒலி இல்லையேல் மேற்கொண்டு மின்சாரத்தைச் சோதிக்கலாம். எல்லா இன்ஜெக்டர்களும் ஒருங்கே ஊமையாயின், பியூஸ், ரிலே முதலிய பொதுவிடங்களைப் பார்க்காமல் தனித்தனியே சோதிப்பது வீண்வேலை.

எஞ்சினை நிறுத்திக் கப்ளரைக் கழற்றி, இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் ஓம் அளவைக் காண்க. இவ்வகை வண்டிகளில் அது பெரும்பாலும் 11 முதல் 17 ஓம் வரை இருக்கும். வண்டியின் கைநூலில் குறித்த அளவே முடிவானது. சூடான செம்புக்கம்பியில் தடை அதிகரிப்பது இயல்பாகையால், குளிரில் 13 ஓம் காட்டியது எஞ்சின் சூட்டில் 16 காட்டினால் அஞ்ச வேண்டா. எல்லா இன்ஜெக்டர்களையும் ஒரே சூட்டில் அளந்து ஒப்பிடுவதே பயன் தரும். சூடான பிறகே தடுமாறும் வண்டியைச் சூட்டிலேயே அளக்க வேண்டும். ஆறியபின் அளந்தால் அறுந்த சுருளும் ஒட்டிக்கொண்டு நல்லதுபோல் காட்டும்.

சுருள் நன்றாயிருப்பின், சாவியைத் திருப்பிக் கப்ளரின் மின்சார முனையில் வோல்ட் பார்ப்பர். 12 வோல்ட் காட்டியதும் வழி சரியென்று விட்டுவிடுகிறார்கள். பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான். மடை மூடியிருக்கையில் தூர்ந்த வாய்க்காலிலும் நீர்மட்டம் நிறைந்தே காணும். மடையைத் திறந்தாலல்லவா ஓட்டத்தின் குறைவு தெரியும்? மல்டிமீட்டர் இழுக்கும் மின்சாரம் மிகச் சொற்பமாதலால், பச்சை பூத்த கப்ளரும் அதற்கு முழு வோல்ட்டைக் காட்டும். 13 ஓம் சுருளில் 12 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 0.92 ஆம்பியர் பாய வேண்டும். களிம்பினால் வழியில் 6 ஓம் கூடினால் 0.63 ஆம்பியரே பாயும். ஊசி தாமதித்து எழும், அல்லது எழாமலே நிற்கும்.

ஆகையால் 12 வோல்ட், 5 வாட் சிறு பல்பு ஒன்றின் ஒரு கம்பியைப் பாட்டரியின் எர்த் முனையிலும் மற்றதைக் கப்ளரின் மின்சார முனையிலும் வைத்துப் பார்க்க வேண்டும். பாட்டரியில் நேரே எரிவதுபோல் எரிந்தால் வழி நலம்; மங்கினால் களிம்போ பாதி அறுந்த கம்பியோ உண்டு. சில வண்டிகளில் சாவி திருப்பிய இரண்டொரு விநாடி மட்டுமே மின்சாரம் வருமாதலால் ஒருவர் சாவியருகில் இருப்பது நன்று. இந்தப் பல்பைக் கம்ப்யூட்டர் பக்கத்துக் கம்பியில் ஒருபோதும் சேர்க்கலாகாது. பல்பு எரியத் தொடங்கும் கணத்தில் இழுக்கும் மிகுந்த மின்சாரம் பெட்டியைக் கெடுக்கக்கூடும். அங்கே எல்.ஈ.டி. சோதனை விளக்கே தக்கது. அதனைக் கப்ளரின் இரு முனைகளிலும் சேர்த்து ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் விளக்கு மினுக்க வேண்டும். மினுக்காவிடில் கம்பி அறுந்திருக்கலாம். அணையாமல் எரிந்துகொண்டேயிருந்தால் அக்கம்பி எங்கோ எர்த்தில் உரசுகிறது, அல்லது பெட்டி கெட்டிருக்கிறது. அந்நிலையில் கப்ளரை மாட்டினால் பெட்ரோல் சிலிண்டரில் ஓயாது கொட்டி, எஞ்சின் எண்ணெயோடு கலந்துவிடும்; ஆதலால் வண்டியைக் கிளப்பவே கூடாது.

பூ ஏற்றும் ஆம்னி ஒன்றில் புதிய இன்ஜெக்டர் போட்டும் தடுமாற்றம் தீரவில்லை. மேற்கூறிய பல்பு மங்கியே எரிந்தது. கம்பியைத் தொடர்ந்து சென்றபோது, ஆசனத்தின் அடியில் எலி கடித்து இரண்டு இழைகளே மிஞ்சியிருந்த இடம் அகப்பட்டது. வைக்கோற்போரின் அருகில் இரவில் நிறுத்திய வண்டி அது.

அறுந்த கம்பியை வெறுமனே முறுக்கி டேப் சுற்றுவது சில மாதங்களுக்கே தாங்கும். பாட்டரியின் எர்த்தைக் கழற்றியபின், ஈயப்பற்று வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் மாட்டுதல் வேண்டும். சோதிப்பதற்காகக் கம்பியின் மேலுறையை ஊசியால் குத்துவோர் உண்டு. அத்துளையில் ஈரம் புகுந்து அடுத்த மழைக்காலத்தில் புதிய களிம்பை உண்டாக்கும். கப்ளரின் ரப்பர் வளையம் காணாமற்போயிருந்தால் அதையும் போடுக. இச்சோதனைகள் எதற்கும் பெட்ரோல் குழாயைக் கழற்ற வேண்டியதில்லை. எஞ்சின் நின்றபின்னும் அதில் அழுத்தம் தங்கியிருக்குமாதலால், பெட்ரோல் வாசனை வீசினால் சாவியைத் திருப்பாது, கசிவை முதலில் நிறுத்த வேண்டும்.