கல்விக் கடனும் கல்லூரிப் பட்டமும்: கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்கு

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பிளஸ் டூ முடிவுகள் வந்து கல்லூரிச் சேர்க்கை நடக்கும் நேரம் இது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வீட்டுக்கு வீடு இதே பேச்சுதான். பிள்ளைக்கு துஆ கேட்டு வரும் பெற்றோர் கூடவே ஒரு கேள்வியும் கேட்கிறார்கள்: "ஹஜ்ரத், பேங்குல படிப்புக்கு லோன் வாங்கலாமா?" இன்றைய ஜும்ஆவில் இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறோம்.

கல்விக்கு மார்க்கம் தந்த இடம்

முதல் வஹீயே ஓதச் சொல்லி இறங்கியது. எழுதுகோலைப் பற்றிப் பேசியது. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் பிடிபட்டவர்களில் ஈட்டுத் தொகை கொடுக்க இயலாதவர்கள் இருந்தார்கள். அவர்களில் எழுதத் தெரிந்தவர்கள் மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் போதும், விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததை ஸீரத் நூல்களில் காண்கிறோம். பணம் தேவைப்பட்ட அந்தக் காலத்தில் பணத்துக்குப் பதிலாகக் கல்வியை ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே, பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டுமா என்பதில் நமக்குச் சந்தேகமே இல்லை. எந்தப் பணத்தில், எந்தப் படிப்பு என்பதுதான் கேள்வி.

கடனை நபியவர்கள் பார்த்த விதம்

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. அவருக்குக் கடன் இருக்கிறது, அடைக்க எதையும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும் நபி (ஸல்) அவர்கள் தொழவைக்க முன்வரவில்லை. தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்று அபூகதாதா (ரலி) அவர்கள் சொன்ன பிறகே தொழவைத்தார்கள் (புகாரீ). தொழுகையில் கடனை விட்டு அதிகமாகப் பாதுகாவல் தேடுவதன் காரணத்தைக் கேட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்ல நேர்கிறது, வாக்களித்தால் மீற நேர்கிறது என்று விளக்கினார்கள் (புகாரீ, முஸ்லிம்). தவணை கேட்டு வங்கியிலிருந்து போன் வரும்போது நம் வீடுகளில் என்னென்ன சொல்லிச் சமாளிக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள்!

சாதாரணக் கடனுக்கே இந்த எச்சரிக்கை. வட்டிக் கடன் அதைவிடக் கடுமையானது. வட்டியை வாங்குபவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் எல்லோருமே சாபத்துக்கு ஆளானவர்கள் என்று ஹதீஸில் வருகிறது (முஸ்லிம்). கல்விக் கடனில் மாணவர் மட்டுமல்ல, தகப்பனாரும் சேர்ந்துதான் கையெழுத்துப் போடுகிறார். கல்வி நல்ல காரியம் என்பதால் வட்டி ஹலாலாகிவிடாது. நிர்ப்பந்தம் என்ற வாசல் மார்க்கத்தில் உண்டு. ஆனால் பக்கத்திலேயே அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும்போது, நண்பன் சேர்ந்த கல்லூரியில்தான் சேருவேன் என்பது நிர்ப்பந்தம் அல்ல.

வங்கிக் கடனின் கணக்கு

4 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. 7.5 லட்சம் வரையிலான கடனுக்கு மத்திய அரசின் உத்தரவாதத் திட்டம் 2015 முதல் இருக்கிறது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். இதைக் கேட்டதும், "படிக்கும்வரை வட்டி இல்லை" என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்து வட்டி ஏறிக்கொண்டே இருக்கும்.

எளிதாகப் புரிய வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டுகளுக்கு 4 லட்சம். தவணை தொடங்கும் நாளில் சாதாரண வட்டி மட்டுமே 1,40,000 சேர்ந்திருக்கும். இப்போது கடன் 5,40,000. இதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதம் சுமார் 7,100 ரூபாய். கட்டி முடிக்கும்போது கொடுத்திருப்பது எட்டரை லட்சத்துக்கும் மேல். வாங்கியதோ 4 லட்சம்!

ஆண்டு வருமானம் 4.5 லட்சம் வரை உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் உண்டு. ஆனால் அதன் பிறகு ஓடும் வட்டி மாணவர் தலையில்தான். முதல் வேலையில் 15,000 ரூபாய் சம்பளம் என்றால் பாதி தவணைக்கே போய்விடும். மீதியில் அறை வாடகை, சாப்பாடு, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். எத்தனையோ நிக்காஹ்கள் இதனால் தள்ளிப்போகின்றன.

பட்டத்தின் மதிப்பு எதில்?

2016 ஜனவரியில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த சின்னசேலம் பகுதியில், தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரி ஒன்றின் மூன்று மாணவிகள் கிணற்றில் பிணமாக மீட்கப்பட்டார்கள். அதிகக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்காகப் பாடம் நடத்தவில்லை என்று குற்றம் சாட்டும் கடிதம் கிடைத்ததாக அன்று நாளிதழ்கள் எழுதின. பெற்ற வயிறுகள் எப்படி எரிந்திருக்கும்! பிள்ளைகளே, எந்தக் கட்டணமும் எந்தக் கடனும் உங்கள் உயிரைவிடப் பெரியதல்ல. நெருக்கடி வந்தால் அத்தாவிடம் சொல்லுங்கள், அம்மாவிடம் சொல்லுங்கள், பள்ளிவாசலுக்கு வந்து சொல்லுங்கள். பெற்றோர்களே, சேர்க்கும் முன் விசாரியுங்கள். கட்டடத்தைப் பார்த்து, பேருந்தைப் பார்த்து முன்பணம் கட்டிவிடாதீர்கள். அங்கீகாரம் இருக்கிறதா, ஆசிரியர்கள் இருக்கிறார்களா, சென்ற ஆண்டு படித்து முடித்தவர்கள் எங்கே வேலை செய்கிறார்கள் என்று கேளுங்கள். பொறியியல் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகமே வெளியிடுகிறது.

பட்டம் என்பது கௌரவச் சின்னமல்ல. ஹழ்ரத் தாவூத் (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் சாப்பிட்டார்கள். ஹழ்ரத் ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள். பிள்ளைக்குக் கைவேலையில் ஆர்வம் இருந்தால் ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் குறைவான படிப்பல்ல. "சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க" என்பதற்காக எட்டரை லட்சம் கட்ட வேண்டாம்.

கடனுக்கு முன் தட்ட வேண்டிய கதவுகள்

விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி, திண்டிவனத்தில் கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரி, இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தே போய்வரலாம், விடுதிச் செலவும் மிச்சம்.

முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு 2007 முதல் இருக்கிறது. சாதிச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வியில் சேருபவருக்குக் கட்டணச் சலுகை உண்டு. கலந்தாய்வுக்கு முன்பே அவசரப்பட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டினால் இந்தச் சலுகை கிடைக்காது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்பிள்ளைகளுக்கு 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

ஜமாஅத்தின் பொறுப்பு

நான் அரபிக் கல்லூரியில் ஓதிய ஏழு ஆண்டுகளும் கட்டணம் கேட்கப்படவில்லை. உணவும் உறைவிடமும் கிதாபும் சமுதாயத்தின் பணத்தில் கிடைத்தன. ஓர் ஆலிமை உருவாக்குவது தன் பொறுப்பு என்று நினைக்கும் சமுதாயம், ஒரு நர்ஸையும் பொறியாளரையும் மட்டும் ஏன் வட்டிக்கு அனுப்புகிறது?

நம் முன்னோர்கள் அப்படி விடவில்லை. 1919இல் வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரியும், 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மது கல்லூரியும், அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரியும் வணிகர்களின், கொடையாளர்களின் பணத்தில் எழுந்தன. நம்மால் கல்லூரி கட்ட முடியாமல் இருக்கலாம். அழகிய கடனுக்கு, அதாவது கர்ழன் ஹஸனாவுக்கு, ஒரு நிதி தொடங்க முடியும். நூறு குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். ஒரு மாணவருக்கு 40,000 வீதம் ஆறு பேருக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம். அல்பகரா 282ஆம் வசனம் கற்றுத்தரும் முறைப்படி எழுதி, சாட்சி வைத்துக் கொடுங்கள். அவர்கள் வேலைக்குப் போய்த் திருப்பித் தரும் பணத்தில் அடுத்த பிள்ளைகள் படிப்பார்கள். ஒருநாள் நிக்காஹ் மண்டபத்துக்குக் கொடுக்கும் வாடகை ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்பாகலாம்!

ஏற்கெனவே கடனில் இருப்பவர்களுக்கு

உங்களைக் குற்றவாளிகளாக யாரும் பார்க்க வேண்டாம். தவ்பா செய்யுங்கள், வேறு செலவுகளைச் சுருக்கி, கூடுதலாகக் கட்டி, கடனைச் சீக்கிரம் முடிக்கப் பாருங்கள். தவணை கட்ட முடியாவிட்டால் ஒளிந்துகொள்ளாமல் வங்கிக்கு நேரில் போய் எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் கடனில் சிக்கியவர்களையும் அல்லாஹ் சேர்த்திருக்கிறான் (9:60). உங்கள் நிலை அதில் வருமா என்று ஆலிம்களிடம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். வசதி உள்ளவர்களே, நீங்கள் கைமாற்றுக் கொடுத்தவர் சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுங்கள். விட்டுக்கொடுப்பது அதைவிட மேலானது என்று குர்ஆன் வழிகாட்டுகிறது (2:280).

இந்த வாரம் வீட்டில் உட்கார்ந்து, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். அதன் பிறகு முடிவெடுங்கள்.

அல்லாஹுத்தஆலா நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான ரிஜ்கையும் தருவானாக! கடன்பட்டவர்களின் கடனைத் தீர்த்துவைப்பானாக! வட்டியின் தீமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.