தினமும் உறிஞ்ச வேண்டிய மருந்து



ஆஸ்துமாவில் இரைப்பு வரும், போகும். மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் இருக்கும் அழற்சியோ, இரைப்பு இல்லாத நாட்களிலும் முழுதாக அடங்குவதில்லை. அதனால்தான் தூசி, குளிர்காற்று, பட்டாசுப் புகை என்று எது பட்டாலும் குழாயைச் சுற்றியுள்ள தசை சட்டென்று இறுகிக்கொள்கிறது. சால்பியூட்டமால் இன்ஹேலர் அந்தத் தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். அழற்சியை அது தொடுவதில்லை. அழற்சியை அடக்குவது புடிசோனைடு, புளுட்டிகசோன், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள். இவற்றின் பலன் தெரியச் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை ஆகும். உடனே சுகம் தரும் மருந்தின் மேல் நம்பிக்கையும், மெதுவாக வேலை செய்யும் மருந்தின் மேல் அலட்சியமும் வருவது இதனால்தான்.

ஸ்டீராய்டு என்றதும் வரும் பயம் மாத்திரைகளின் காலத்தில் பிறந்தது. மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களுக்கு முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது, எலும்பு தேய்ந்தது. அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் 1972-இல் பிரிட்டனில் பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்ததும் கணக்கு மாறியது. கடும் இரைப்புக்குப் பெரியவர்களுக்குத் தரும் பிரெட்னிசோலோன் மாத்திரை நாளுக்கு 40 முதல் 50 மில்லிகிராம் வரை போகும். இன்ஹேலரில் புடிசோனைடின் குறைந்த அளவு நாளுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம். மருந்துக்கு மருந்து வீரியம் வேறு என்பதால் எடையை மட்டும் வைத்து ஒப்பிட முடியாதுதான். ஆனாலும் இங்கே மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. தொண்டையில் படிந்து வயிற்றுக்குள் போகும் பங்கிலும், புடிசோனைடாக இருந்தால் சுமார் 90 சதவீதத்தைக் கல்லீரல் முதல் சுற்றிலேயே செயலிழக்கச் செய்துவிடுகிறது.

உண்மையான ஆபத்து பெரும்பாலும் மருந்தை நிறுத்துவதில் இருக்கிறது. கனடாவின் சஸ்காட்சவன் மாகாண மருந்துப் பதிவுகளை வைத்து 2000-இல் வெளியான ஆய்வில், முந்தைய ஆண்டில் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஸ்டீராய்டு இன்ஹேலருக்கும் ஆஸ்துமா இறப்பு விகிதம் சுமார் 21 சதவீதம் குறைந்திருந்தது. நிறுத்திய முதல் மூன்று மாதங்களில் இறப்பு கூடியிருந்தது. சால்பியூட்டமாலை மட்டும் வைத்து ஆஸ்துமாவைச் சமாளிக்கும் பழக்கத்தை, உலக ஆஸ்துமா வழிகாட்டியான ‘ஜினா’ 2019-இல் கைவிட்டது. “இன்ஹேலர் பழகிவிடும்” என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. சர்க்கரை நோய் மாத்திரையை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

இனி, உறிஞ்சும் முறை. பாதி நோயாளிகள் தோற்பது இங்கேதான் என்று சொன்னாலும் மிகையாகாது. அழுத்தும் வகை இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்த வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்தபின் 10 விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இரண்டாவது பஃப் தேவையென்றால் அரை நிமிடமாவது கழித்து, மறுபடி குலுக்கிவிட்டு எடுக்க வேண்டும். ரோட்டாகேப் போன்ற, கேப்சூலில் வரும் பொடி மருந்துக்கு முறை நேர்மாறு: வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி உள்ளே போகும். கருவிக்குள் ஊதினால் ஈரம் பட்டுப் பொடி கட்டியாகிவிடும். கேப்சூலை விழுங்கிவிடுபவர்களும் உண்டு. அதனால் நுரையீரலுக்கு ஒரு பயனும் இல்லை.

அழுத்தும் வகைக்கு, அதன் வாயில் பொருத்தும் ஸ்பேசர் என்ற குழலை வைத்துக்கொள்வது குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் நல்லது. தொண்டையில் படிவது குறையும். அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நொடியில் நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. பிளாஸ்டிக் ஸ்பேசரைச் சோப்பு நீரில் கழுவித் தானாக உலரவிட வேண்டும். துணியால் துடைத்தால் ஏறும் நிலைமின்சாரம் மருந்தைச் சுவரிலேயே ஒட்டவைத்துவிடும்.

வாயில் வெள்ளைப் படலமாகப் படரும் பூஞ்சையும் குரல் கம்முவதும் அடிக்கடி வரும் தொல்லைகள். மருந்து எடுத்ததும் வாய் கொப்பளித்து, தொண்டை வரை நீரை அலசித் துப்பினால் பூஞ்சை பெரும்பாலும் தவிர்க்கப்படும். பல் தேய்ப்பதற்கு முன் மருந்து என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேலையாக முடிந்துவிடும். குரல் கம்மலுக்குக் கொப்பளிப்பது அவ்வளவாக உதவாது. ஆசிரியர்கள், பாடகர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிக் கருவியையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம்.

குழந்தைகளின் வளர்ச்சி பற்றிய கவலைக்கு அளந்த விடை இருக்கிறது. புடிசோனைடு எடுத்த குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் உயரக் குறைவு சராசரியாக 1.2 சென்டிமீட்டர். ஆண்டுக்காண்டு அது கூடவும் இல்லை.

அதிக அளவை ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் நிலை வேறு. கண்புரை, கண் அழுத்தம், எலும்பு அடர்த்தி ஆகியவற்றைக் கவனித்துவர வேண்டும். அட்ரீனல் சுரப்பி மந்தமாகியிருக்கலாம் என்பதால் திடீரென்று நிறுத்தவே கூடாது. பூஞ்சைக்கு இட்ராகொனசோல், எச்.ஐ.வி.க்கு ரிட்டோனவிர் எடுப்பவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது: அவை ஸ்டீராய்டு உடைவதைத் தடுத்து, இன்ஹேலர் மருந்தையே மாத்திரை அளவுக்கு உடலில் தேக்கிவிடும். கருவுற்ற பெண்கள் பயந்து நிறுத்துவதும் தவறு. கட்டுப்படாத ஆஸ்துமாதான் தாய்க்கும் சேய்க்கும் கெடுதல்.

நோய் மூன்று மாதம் போல நன்றாக அடங்கியிருந்தால், மருத்துவர் அளவைக் கால் பங்கோ பாதியோ குறைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு முறை பார்க்கப் போகும்போதும் இன்ஹேலரைக் கையில் கொண்டுபோய் அவர் முன்னால் இழுத்துக் காட்டுவது நல்லது. அளவை ஏற்றும் முன் இழுக்கும் முறை சரியா என்று பார்ப்பதுதான் ஒழுங்கு.