மோகமுள்: சாதகமும் முதிர்ச்சியும்

தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ நாவல், வயதில் மூத்த பெண்மீது இளைஞன் கொண்ட வேட்கையின் கதையாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. அவ்வாசிப்பில் இசை வெறும் பின்னணியாகவும், யமுனா அடையப்படும் பொருளாகவும் சுருங்கிவிடுகின்றனர். நாவலின் அமைப்போ வேறொன்றை உணர்த்துகிறது.

கும்பகோணத்தில் கல்லூரி மாணவனான பாபு, பத்து வயது மூத்தவளான யமுனாவை விரும்புகிறான். அக்காலத்திலேயே ரங்கண்ணாவிடம் இசை பயில்கிறான். குரு முதன்மையாகக் கருதுவது மேடைப் புகழன்று, நாத உபாசனையே. அவர் மறைவுக்குப்பின் பாபுவின் சாதகம் தளர்கிறது. பின்னர்ச் சென்னையில் யமுனா இசைந்தபோதும் கதை முடிவதில்லை. குரலைப் பண்படுத்த அவன் மீண்டும் மாணவனாகிறான்.

எனவே, காதல் கைகூடுவதன்று, அதன்பின்னும் கற்கப் புறப்படுவதே இந்நாவல் காட்டும் முதிர்ச்சி எனலாம்.