யந்திரத் துணையோடு மூச்சுவிடும் குழந்தை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வென்டிலேட்டர் என்ற சொல் நம் வீடுகளில் பெரும்பாலும் தாழ்ந்த குரலிலேயே உச்சரிக்கப்படுகிறது. வயோதிகர் ஒருவரை அந்த யந்திரத்தோடு இணைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவுடனே உறவினர்கள் ஊருக்குப் புறப்பட ஆயத்தமாகிவிடுகிறார்கள். ஆகவே, அதே யந்திரத்தோடு ஒரு குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று சொன்னால், 'வைத்தியர்கள் கைவிட்டுவிட்டார்கள் போலும்' என்று பெருமூச்செறிபவர்களே மிகுதி. மூளை முற்றும் செயலிழந்தபின் யந்திரத்தால் மட்டும் மார்பு அசைகிற நிலையையும், அறிவும் புலன்களும் தெளிவாக இருக்கச் சுவாசம் மட்டும் பலவீனப்பட்ட நிலையையும் ஒன்றென எண்ணியதால் விளைந்த மயக்கம் இது. முதுகுத்தண்டின் இயக்க நரம்பணுக்கள் நலிந்து தசைகள் சோர்ந்த குழந்தைக்கும், குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் முதிராத சிசுவுக்கும், விழித்திருக்கையில் நன்றாக மூச்சுவிட்டு உறங்கியவுடன் மூச்சை மறந்துவிடும் அபூர்வமான பிறவிக் கோளாறுடைய குழந்தைக்கும் அந்த யந்திரம் அந்திம காலத்து அடையாளம் அன்று. வளர்வதற்கு அவகாசம் தரும் சாதனம்.

அப்படியானாலும் அத்தகைய குழந்தைக்கு ஆஸ்பத்திரியே நிரந்தரமான இருப்பிடம், வீடு அபாயம் என்பது அடுத்த நம்பிக்கை. அமெரிக்காவில் ஐயோவா மாநிலத்துச் சீடர் ராப்பிட்ஸ் நகரில் 1978-ல் பிறந்த கேட்டி பெக்கெட் என்னும் சிறுமியின் சரித்திரம் இதற்குத் தக்க மறுமொழி. ஐந்தாம் மாதத்தில் மூளை அழற்சி கண்டு, மூச்சுத் தசைகள் தளர்ந்து, மூன்று வயது கடந்த பின்பும் ஆஸ்பத்திரியிலேயே இருந்தவள் அவள். வீட்டுக்கு அனுப்பலாம், அனுப்புவதே நலம் என்று வைத்தியர்கள் சொல்லியும் அவளால் போக முடியவில்லை. ஏனெனில், குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கும்வரை செலவை ஏற்ற மெடிக்கெய்ட் என்னும் அரசாங்க உதவித் திட்டம், அவள் வீடு திரும்பினால் பெற்றோரின் வருமானத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு உதவியை நிறுத்திவிடும். விதியை வகுத்தவர்கள் கருணையற்றவர்கள் என்று சொல்வதற்கில்லை. இத்தகைய குழந்தை ஒரு நாள் வீடு திரும்பக்கூடும் என்பதே அவர்கள் கற்பனைக்கு எட்டவில்லை என்று தோன்றுகிறது. வீட்டில் ஆகும் செலவு ஆஸ்பத்திரிச் செலவில் ஆறில் ஒரு பங்குதான் என்பதை 1981 நவம்பரில் ஜனாதிபதி ரீகன் பத்திரிகையாளர் முன்னிலையில் எடுத்துச் சொன்னார். அடுத்த மாதமே கேட்டி வீடு சேர்ந்தாள். 1982-ல் சட்டமும் திருத்தப்பட்டது. பள்ளிக்கும் பின்பு கல்லூரிக்கும் சென்று, ஊனமுற்றோர் உரிமைக்காகப் பல மேடைகளில் பேசி, 34 வயதுவரை வாழ்ந்து, 2012-ல் அவர் மறைந்தார்.

வென்டிலேட்டர் என்பது பிராணவாயு கொடுக்கும் கருவி என்ற எண்ணம் படித்தவர்களிடமும் காணப்படுகிறது. இதனை விரிவாகவே விளக்க வேண்டும். ஏனெனில் இந்தப் பிழை உயிருக்கே ஆபத்தாய் முடியக்கூடியது. பிராணவாயுவை உள்ளே கொணர்வதும் கரியமிலவாயுவை வெளியேற்றுவதும் ஆகிய இரண்டு காரியங்கள் சுவாசத்துக்கு உண்டு. யந்திரமோ கொல்லன் துருத்தியைப் போலக் காற்றைத் தள்ளுகிறதேயன்றி, அந்தக் காற்று இன்னது என்று அது விதிப்பதில்லை. வீட்டிலுள்ள குழந்தைகள் பலருக்கு அறையிலுள்ள சாதாரணக் காற்றே, அதாவது 21 சதவிகிதம் பிராணவாயு கொண்ட காற்றே, போதுமானதாயிருக்கிறது. தசைகள் பலவீனமான குழந்தை உறக்கத்தில் இளைக்கிறது என்று கண்டு, யந்திரத்தின் உதவியை விடுத்து மூக்கருகே பிராணவாயுக் குழாயை மட்டும் வைத்துவிட்டால், விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்க, வெளியேறாத கரியமிலவாயு இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போய், காலையில் தலைவலியாகவும், பின்பு அளவுக்கு மீறிய தூக்கமாகவும், இறுதியில் பிரக்ஞை இழப்பாகவும் முடியும்.

'ஒரு முறை பழக்கிவிட்டால் நுரையீரல் சோம்பிவிடும், பிறகு யந்திரத்தை எடுக்கவே முடியாது' என்பது பாட்டிமார் சொல்லும் வார்த்தை. பேரப்பிள்ளையின் மீதுள்ள அக்கறையே அவர்களை அவ்வாறு பேசச் செய்கிறது. யந்திரம் தேவையா இல்லையா என்பதை நிர்ணயிப்பது நோயேயன்றிப் பழக்கமன்று. குறைமாதத்துச் சிசுக்கள் பலர் நுரையீரல் வளர வளரச் சில ஆண்டுகளில் யந்திரத்திலிருந்து விடுபடுகிறார்கள். உறக்கத்தில் மூச்சை மறக்கும் கோளாறு உடையவர்களுக்கோ வாழ்நாள் முழுவதும் இரவுதோறும் அதன் துணை வேண்டும். உண்ட உணவின் சத்தையெல்லாம் மூச்சிழுப்பதிலேயே செலவிட்டு எடை ஏறாமல் நின்ற குழந்தை, போதிய துணை கிடைத்தபின் சதை பிடித்து வளர்வதை வைத்தியர்கள் அடிக்கடி காண்கிறார்கள்.

யந்திரத்தை இணைப்பதற்காகக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்திய குழந்தை இனிப் பேசவே பேசாது என்பதும் முழு உண்மையன்று. மூச்சு குரல்நாண்களைத் தொடாமல் குழாய் வழியே போய்விடுவதனால் ஒலி எழுவதில்லை, அவ்வளவே. தசை நலிவு நோயினால் தாமே வென்டிலேட்டரை நம்பி வாழ்ந்த டேவிட் மியூர் என்ற அமெரிக்க இளைஞர், உள்மூச்சுக்குத் திறந்து வெளிமூச்சுக்கு மூடிக்கொள்ளும் சிறிய வால்வு ஒன்றை 1980-களில் கண்டுபிடித்தார். வெளிமூச்சு மேல்நோக்கித் திரும்பிக் குரல்நாண்கள் வழியே செல்வதால் பேச்சு பிறக்கிறது. குழாயைச் சுற்றியுள்ள காற்றுப்பை முற்றும் இறக்கப்பட்டிருந்தாலன்றி அந்த வால்வைப் பொருத்தலாகாது. பொருத்தினால் வெளிமூச்சுக்கு வழியே இராது.

இனி வருவது மிகவும் நயமாகத் தோன்றும் நம்பிக்கை: யந்திரம் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும், ஏதேனும் நேர்ந்தால் அலாரம் அடிக்கும், ஆகையால் வீட்டார் நிம்மதியாக உறங்கலாம் என்பது. இந்த யந்திரங்கள் யாருடைய வேலையை ஏற்றன என்பதைப் பார்த்தால் இது பிழை என்று விளங்கும். 1952-ல் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, பிளெக்டம் ஆஸ்பத்திரியில் பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து நிபுணர், மூச்சு நின்றுபோகும் தறுவாயிலிருந்த 12 வயதுச் சிறுமிக்குக் கழுத்துக் குழாய் வழியே காற்றைப் பையால் அழுத்திச் செலுத்தி உயிர் காத்தார். அதன்பின், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்கள் முறைவைத்து, இரவும் பகலும் கையாலேயே நோயாளிகளுக்கு மூச்சளித்தார்கள். பிற்காலத்து யந்திரங்கள் ஏற்றது அந்த மாணவர்களின் கைவேலையை மட்டுமே. நோயாளியின் முகத்தை இடைவிடாது நோக்கிக்கொண்டிருந்த கண்களின் வேலையை அல்ல. சிறு குழந்தையின் மெல்லிய குழாய் கழுத்திலிருந்து நழுவி வெளியே வந்துவிட்டாலும், அக்குழாயின் குறுகிய துவாரமே காற்றை எதிர்த்து அழுத்தத்தைக் காத்துவிடுவதனால், யந்திரம் ஏதும் நேராததுபோல் ஓடிக்கொண்டிருப்பது உண்டு. ஆதலால்தான், யந்திரத்தின் அலாரத்தை மட்டும் நம்பாமல் ஆக்ஸிமீட்டரையும், ஆக்ஸிமீட்டரை மட்டும் நம்பாமல் ஒரு மனிதரையும் அருகில் இருத்துகிறார்கள். அலாரம் அடித்தால் பார்க்க வேண்டியது யந்திரத்தின் திரையை அன்று, குழந்தையின் மார்பையும் உதட்டையும். ஐயம் தோன்றினால் யந்திரத்தைக் கழற்றிவிட்டு, கையால் அழுத்தும் ஆம்பு பையால் மூச்சளிக்க வேண்டும். பை அழுத்தியும் காற்று செல்லாமல், சளியை உறிஞ்சும் சக்ஷன் செய்தும் வழி திறவாவிட்டால் குழாயையே மாற்ற வேண்டும். அதன்பொருட்டு, அதே அளவில் ஒன்றும் ஓரளவு சிறியதாக ஒன்றும் ஆக இரண்டு குழாய்கள் குழந்தை செல்லுமிடமெல்லாம் உடன் செல்லும். மின்சாரம் நின்று, பேட்டரியும் இன்வெர்ட்டரும் கைவிட்டாலும் ஆம்பு பையே விடை.

குழாயில் சேரும் சளியை மணிக்கணக்கு வைத்து உறிஞ்சுவதும், ஒவ்வொரு முறையும் உப்புநீர் விடுவதும் அவசியமில்லை. கரகரப்புக் கேட்டபோது, முன்பே அளந்து குறித்த ஆழம்வரை, சில விநாடிகளுக்குள் செய்து முடிப்பதே முறை. மூக்கு செய்துவந்த வெப்பமும் ஈரமும் ஊட்டும் வேலையை ஹியூமிடிஃபையர் சரிவரச் செய்தால் சளி இளகியே இருக்கும்.

கடைசியாக, தாய் ஒருத்தி இருந்தால் போதும், அவள் அன்பே தூங்காது என்று புகழ்வார்கள். அன்பு தூங்காதிருக்கலாம், உடல் தூங்கும். பயிற்சி பெற்ற ஒருவர் எந்நேரமும், குழந்தை உறங்கும்போதும், விழிப்போடு கவனித்திருக்க வேண்டும் என்றும், குடும்பத்தில் குறைந்தது இருவராவது பயிற்சி பெற வேண்டும் என்றும் அமெரிக்கத் தொராசிக் சங்கம் 2016-ல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. ஒரு நாளுக்கு 24 மணி என்பதை நினைத்தால், இரண்டு பேரும் போதாதவர்களே. அப்பாவும் சித்தியும் குழாய் மாற்றக் கற்றுக்கொண்ட வீட்டிலும், இரவு முறைக்குக் கூலி பெறும் நர்ஸ் ஒருவர் வந்தால்தான் பகலில் ஒருவராவது வேலைக்குப் போக முடியும். அந்த நர்ஸின் ஊதியத்தைச் சமூகம் ஏற்பதா, குடும்பத்தின் தலையில் சுமத்துவதா என்ற கேள்வியைத்தான் தாயன்பைப் பற்றிய புகழுரை மறைத்துவிடுகிறது. ஊதியம் தரச் சட்டம் இருக்கும் அமெரிக்காவிலேயே, வீட்டுப் பணிக்கு நர்ஸுகள் கிடைக்காத ஒரே காரணத்தால், வீடு திரும்பத் தகுதி பெற்ற பின்பும் ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே காத்திருக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள்.