கழுத்து நிற்பதிலிருந்து காலூன்றி நடப்பது வரை

“பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்துவிட்டது. எங்கள் பிள்ளை ஒரு வயதாகியும் நடக்கவில்லையே?” குடும்ப வைத்தியர்களாகிய நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை காண, குழந்தையின் தசைகள் எப்படி வளர்கின்றன என்பதை முதலில் பார்ப்போம்.

ஏன் இந்தத் தாமதம்?

பசுக்கன்று பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து நிற்கும். மனிதக் குழந்தையோ தலையைக்கூடத் தூக்க முடியாத நிலையில் பிறக்கிறது. தசை இழைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் பிறக்கும்போதே அமைந்துவிடுகிறது. பின்னர் அவை நீண்டும் தடித்தும் வளர்கின்றன. ஆனால் தசைகளை இயக்கும் மூளையும் நரம்புகளும் அப்போது முதிர்ச்சி பெற்றிருப்பதில்லை. நரம்புகளைச் சுற்றிக் கொழுப்பு உறை படியப் படியத்தான் கட்டளைகள் விரைவாகச் செல்லும். இக்கட்டுப்பாடு தலையிலிருந்து கீழ்நோக்கி வருகிறது. முதலில் கழுத்து, அடுத்து முதுகு, இடுப்பு, கடைசியில் கால்கள்.

எந்த வயதில் எது?

உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளின்படி, நலமான குழந்தைகள் ஏறக்குறைய 4 முதல் 9 மாதத்துக்குள் பிடியின்றி இருக்கிறார்கள். 8 முதல் 17½ மாதத்துக்குள் தனியே நடக்கிறார்கள். சில பிள்ளைகள் தவழாமலே நடந்துவிடுவதும் உண்டு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, பிறக்கவேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும். இரண்டு மாதம் முந்திப் பிறந்த 8 மாதக் குழந்தையை 6 மாதக் குழந்தையாகவே பார்க்க வேண்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. நித்திரைக்கு எப்போதும் மல்லாக்கக் கிடத்துங்கள். விழித்திருக்கும்போது, நீங்கள் அருகில் இருந்து, தினமும் பல தடவை சிறிது நேரம் குப்புறக் கிடத்துங்கள். கழுத்தும் தோளும் பலப்படும்.
2. கார் இருக்கையிலும் தள்ளுவண்டியிலும் நீண்ட நேரம் வைத்திருக்காமல் தரையில் பாயை விரித்து விளையாட விடுங்கள்.
3. சக்கரம் பூட்டிய ‘வோக்கர்’ வேண்டாம். அது நடக்கப் பழக்குவதில்லை. படிகளில் உருண்டு தலையில் காயமேற்படவே வழி செய்கிறது. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடை செய்தது. ஊரிலிருந்து வருவோரிடம் சொல்லி அனுப்பியும் வாங்காதீர்கள்.
4. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தினமும் 400 அலகு விற்றமின் டி துளி தேவை. வெயில் குறைந்த நாடுகளில், கருமையான தோலுடைய எமது பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். குறைந்தால் எலும்பு வளையும், தசை சோரும்.

எப்போது வைத்தியரிடம் காட்ட வேண்டும்?

• 4 மாதத்தில் கழுத்து நிற்காவிட்டால்
• 9 மாதத்தில் தனியே இருக்காவிட்டால்
• 18 மாதத்தில் நடக்காவிட்டால்
• உடல் துவண்டோ விறைத்தோ இருந்தால்
• ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவித்தால்
• முன்பு செய்ததை இப்போது செய்ய முடியாமற் போனால்

நடந்து திரியும் ஆண்பிள்ளை தரையிலிருந்து எழும்பும்போது தொடைகளில் கையூன்றி ஏறினால், அது பரம்பரைத் தசைநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஓர் எளிய இரத்தப் பரிசோதனை வழிகாட்டும்.

“தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்” என்ற பேச்சு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆயினும் மேற்கூறிய அறிகுறிகளில் ஒன்று இருந்தால் அந்த ஆறுதலோடு இருந்துவிடாதீர்கள். நேரத்தோடு தொடங்கும் பயிற்சிச் சிகிச்சை பிள்ளைக்குப் பெரும் உதவியாகும். பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால், அதைவிட நல்ல செய்தி வேறில்லை.