முதலில் அடையும் தண்ணீரும்

கிறிஸ்துவுக்குள் அன்பான தம்பிக்கு,

இந்த வருஷம் விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) மூத்த பிள்ளைகளின் வகுப்பைச் சபை ஐயர் உன்னிடம் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். பரீட்சையில் தவறியவன், வீட்டில் தினமும் சண்டை பார்க்கிறவள், அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை எல்லாரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது, ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று எந்த வாயால் சொல்வது என்று.

வகுப்பில் நிற்பதற்கு முன்பே இந்தக் கேள்வி உனக்கு வந்தது நல்லது. இரக்கத்துக்கு விளக்கம் சொல்ல முயலாதே. இரக்கமுள்ளவர் என்ன செய்தார் என்று கதையாகச் சொல். அவர் எதை முதலில் செய்தார், எதை அடுத்துச் செய்தார் என்ற வரிசையை மாற்றாமல் சொல்.

முதலாம் இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள். எலியாவின் கதையை நம் வகுப்புகளில் அவசரமாகவே சொல்கிறோம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதையும், பாகாலின் 450 தீர்க்கதரிசிகள் தோற்றதையும் கை கால் ஆட்டிச் சொல்கிறோம். அங்கிருந்து ஒரே தாவலில் ஓரேப் மலைக்குப் போய், மெல்லிய சத்தத்தோடு பாடத்தை முடித்துவிடுகிறோம். உன் பிள்ளைகளுக்கு வேண்டியது இரண்டு மலைக்கும் நடுவிலுள்ள வனாந்தரத்தில் கிடக்கிறது.

அங்கே நடப்பதைப் பார். யேசபேல் ராணி கொலை மிரட்டல் அனுப்புகிறாள். எலியா உயிருக்குப் பயந்து தெற்கே பெயெர்செபா வரை ஓடுகிறார். உடன் வந்த வேலைக்காரனை அங்கே விட்டுவிட்டு, தனியாக ஒரு நாள் தூரம் வனாந்தரத்துக்குள் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று ஜெபிக்கிறார். படுத்துத் தூங்கிவிடுகிறார். நேற்று வரை தேசமே அண்ணாந்து பார்த்த தீர்க்கதரிசி அவர்.

இந்த இடத்தில் கதையை நிறுத்திப் பிள்ளைகளைக் கேள்: ஆண்டவர் இப்போது என்ன சொல்லியிருப்பார்? கண்டித்திருப்பார், விசுவாசம் எங்கே என்று கேட்டிருப்பார் என்றுதான் அநேகர் சொல்வார்கள். பெரியவர்களிடம் அவர்கள் கேட்டுப் பழகியது அதுதானே. பிறகு நடந்ததைச் சொல். தூதன் வந்து அவரைத் தொட்டு எழுப்புகிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கின்றன. எழுந்து சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறார். தூங்க விடுகிறார் ஆண்டவர். தூதன் இரண்டாம் முறை எழுப்பும்போதும் சாப்பிடத்தான் சொல்கிறான். வழி தூரம், உன்னால் தாங்க முடியாது என்று காரணமும் சொல்கிறான். ஒரு குற்றச்சாட்டுகூட இல்லை.

அந்தச் சாப்பாட்டின் பலத்தில் நாற்பது நாள் நடந்து ஓரேப் சேர்ந்த பிறகுதான், இங்கே உனக்கு என்ன காரியம் என்று ஆண்டவர் கேட்கிறார். எலியா தன் மனக்குறையைக் கொட்டுகிறார். காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோகின்றன. அதே கேள்வி மறுபடி வருகிறது. எலியாவும் அதே பதிலைத் திருப்பிச் சொல்கிறார். முன்பே சொன்னாயே என்று ஆண்டவர் இடைமறிக்கவில்லை. கடைசியில் செய்வதற்கு வேலையும், துணைக்கு எலிசாவும், நீ தனி ஆள் இல்லை, இன்னும் 7000 பேர் இருக்கிறார்கள் என்ற செய்தியும் கிடைக்கின்றன. சாப்பாடு, தூக்கம், மறுபடி சாப்பாடு, காது கொடுத்துக் கேட்பது, பிறகு வேலை, பிறகு துணை. நாமோ பிள்ளை சோர்ந்து நின்றால் கடைசியில் வரவேண்டிய புத்திமதியை முதலில் கொண்டுபோய் வைக்கிறோம்.

இது எலியாவுக்கு மட்டும் கிடைத்த சலுகை என்று பிள்ளைகள் நினைக்க விடாதே. யவீருவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது, உன் வகுப்புப் பிள்ளைகளின் வயதுதான். அவளை உயிரோடு எழுப்பியதும், அவளுக்குச் சாப்பிடக் கொடுங்கள் என்றார் இயேசு. தம்மை மூன்று முறை மறுதலித்த பேதுருவுக்குத் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பில் மீனும் அப்பமும் வைத்துக் காத்திருந்தார். சீஷர்கள் சாப்பிட்ட பிறகே, என்னை நேசிக்கிறாயா என்று பேதுருவிடம் கேட்டார். ஆகார் தன் பிள்ளையோடு வனாந்தரத்தில் அழுதபோது, தேவன் பிள்ளையின் சத்தத்தைக் கேட்டார் என்றும் ஆதியாகமம் 21-ஆம் அதிகாரம் சொல்கிறது. உன் வகுப்பில் வயதில் சிறியவர்களுக்கு இந்த ஒன்றே ஒரு நாள் பாடத்துக்குப் போதும்.

வயதில் மூத்தவர்களுக்கு 13-ஆம் சங்கீதத்தை வாசித்துக் காட்டு. எதுவரைக்கும் என்று தாவீது நான்கு முறை ஆண்டவரிடம் கேட்கிறார். அப்படிக் கேட்பதும் ஜெபம்தான் என்று சொல். தங்கள் மனத்திலுள்ளதை ஒரு தாளில் எழுதச் சொல். அதை வாங்கிப் பார்க்காதே, எழுந்து வாசிக்கவும் சொல்லாதே. 88-ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. அதற்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தால், ஒரு பிள்ளை தன் துக்கத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கவேண்டிய அவசியம் இராது.

சொல்லக் கூடாதவையும் உண்டு. விசுவாசித்தால் சோர்வு வராது என்று சொல்லாதே, எலியாவுக்கு வந்தது. ஜெபித்தால் எல்லாம் நேராகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதே; அன்று யேசபேல் அரண்மனையில்தான் இருந்தாள். அம்மாவை இழந்த பிள்ளையிடம், ஆண்டவருக்கு அவள் தேவைப்பட்டாள் என்று ஒருநாளும் சொல்லாதே. லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் கல்லறைக்குப் போகும் வழியில் இயேசு கண்ணீர் விட்டார் என்று சொல். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததே அவர்கள் செய்த நல்ல காரியம். உனக்கும் வார்த்தை வராவிட்டால் பக்கத்தில் உட்கார். ஒரு பிள்ளையின் கண்ணீரை ஜெப வேளையில் எல்லாருக்கும் முன்பாகச் சாட்சியாக்காதே.

இன்னொன்றைக் கவனமாகக் கேள். சாகவேண்டும் போலிருக்கிறது என்று எந்தப் பிள்ளையாவது சொன்னால், விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று விட்டுவிடாதே. அது பாவம் என்று அதட்டவும் செய்யாதே. எலியாவும் அதைத்தான் சொன்னார். நேராகக் கேள், பொறுமையாகக் கேள், அவனைத் தனியாக விடாதே. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதே. நம்பிக்கையான பெரியவரிடம் அன்றைக்கே சொல். வீட்டிலேயே ஆபத்து என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு அழை. மனநல உதவிக்கு 14416 இரவும் பகலும் இருக்கிறது, கட்டணம் இல்லை. மருத்துவரிடம் கூட்டிப்போவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான் என்று எடுத்துச் சொல்.

தேர்வு முடிவு வரும் நாளில் ஜெயித்தவர்களை மேடையில் நிறுத்திக் கைதட்டுவோம். தட்டலாம். அன்று சாயங்காலமே தவறியவர்களின் வீட்டுக்கு நீ போகவேண்டும். மதிப்பெண்ணைப் பற்றிப் பேச்செடுக்காமல் போ. மனப்பாட வசனம் சொல்லத் தெரியாததால் வகுப்புக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளையையும் அப்படியே தேடிப் போ. ஆண்டவர் இரக்கமுள்ளவர் என்று நீ வகுப்பில் சொன்னதை, வாசலில் உன்னைப் பார்த்த பிறகே அவர்கள் நம்புவார்கள்.

ஆகவே, தம்பி, எந்தப் பிள்ளை முகம் வாடி வந்தாலும் பைபிளைத் திறப்பதற்கு முன், சாப்பிட்டாயா என்று கேள். இல்லை என்றால் வாங்கிக் கொடு. பாடத்தைப் பிறகு தொடங்கு.

கர்த்தருடைய பணியில்,
உன் அன்புள்ள அக்கா